பால் டூட்டி

கீரனூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, நைட்டிக் கம்பெனி அம்மா வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். கைக்குழந்தைகூட வழி சொல்லும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் திருச்சிக் கடைகளில் கொக்கியில் தொங்குகிற நைட்டிகளில் நிறைய என் கொட்டகையில் தைத்தவை. நாற்பது பெண்கள் தைக்கிறார்கள். பட்டம் வாங்கிய இரண்டு பேர் என்னிடம் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். இதையெல்லாம் நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான். வேறு யாரும் சொல்லக் காணோம், அதனால் சொல்கிறேன்.

யார் கைகொடுத்து மேலே வந்தீர்கள் என்று கேட்பவர்களிடம், என் கையை நானே பிடித்துத் தூக்கிக்கொண்டேன் என்பேன். அவர்களும் மெச்சிக்கொண்டு போவார்கள். போன மாதம் என் கம்பெனிப் பெண்கள் நாலு பேர் என் அறைக்குள் வந்தார்கள். அவர்கள் சங்கத்துக்கு ஆண்டு மலர் போடுகிறார்களாம். விளம்பரம் கேட்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து மேசை டிராயரைத் திறந்தேன். "அதெல்லாம் வேணாம்மா. நீங்க சின்னப் புள்ளையா இருக்கயில நடந்தது ஒண்ணு எழுதிக் குடுங்க" என்றார்கள். முதலாளியிடம் கட்டுரை கேட்கிற சங்கத்தை எங்கேயாவது கண்டதுண்டா? என்னிடம் கேட்டார்கள். நான் அப்பேர்ப்பட்டவள். என் கையாலேயே எழுதியிருக்கிறேன். பிழை இருந்தால் அது திருத்திக் கொடுத்த என் மகளின் பிழை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்கள் ஊருக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு நூல் மில் இருந்தது. அப்பா நார்த்தாமலைப் பக்கம் கல் உடைக்கப் போவார். விடியுமுன் போனால் பொழுது சாயத்தான் வருவார். என்னைப் பெற்ற ஆத்தாவுக்கு மில்லில் ரீலிங் வேலை. கதிரில் வருகிற நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றிக் கட்டுகிற வேலை அது. எனக்கு அடுத்து மூன்று வயதில் ஒரு தம்பி, அவனுக்கு அடுத்து ஏழு மாதத்தில் ஒரு தம்பி. பெரியவன் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நடப்பான். சின்னவன் என் இடுப்பில் இருப்பான். என் இடது இடுப்பு அவன் உட்காருவதற்கென்றே வளைந்து வளர்ந்தது. இப்போதும் நான் நேராக நின்றால் சேலை மடிப்பு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டுதான் நிற்கும்.

மில்லில் ஒரு சங்கு இருந்தது. காலை ஆறு மணிக்கு வேலைச் சங்கு, பத்து மணிக்கு டீச் சங்கு, இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறுகிற சங்கு. சுற்று வட்டாரத்தில் யார் வீட்டிலும் கடிகாரம் கிடையாது, தேவையும் இல்லை. சங்கு ஊதினால் மாட்டை அவிழ்ப்பார்கள். சங்கு ஊதினால் உலை வைப்பார்கள். பெரிசுகள் இழுத்துக்கொண்டு கிடக்கிற வீட்டில் மட்டும், மில்லுச் சங்கு ஊதும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள்.

பத்து மணிச் சங்கு என்னுடைய சங்கு. அது ஊதும்போது நான் தம்பியோடு மில் கேட்டில் நிற்க வேண்டும். வாச்மேன் பெரிய கேட்டில் இருக்கிற சின்னக் கதவைத் திறப்பார். ஆத்தா தலையில் பஞ்சோடு ஓடி வந்து, வாச்மேன் கொட்டகைக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து தம்பிக்குப் பால் கொடுப்பாள். டீ குடிக்கிற பத்து நிமிஷம் அவளுக்கு அப்படிப் போகும். என்னைப் போல ஏழு பிள்ளைகள் ஏழு கைக்குழந்தைகளோடு வருவோம். அந்த ஏழு பேருக்கும் தலை நான். யாரும் என்னைத் தலையாக்கவில்லை, நானே ஆகிக்கொண்டேன். அந்தப் பழக்கம் இன்றுவரை போகவில்லை.

வாச்மேன் எங்களைக் கண்டதும், "என்ன, பால் டூட்டி வந்தாச்சா?" என்பார். அவர் கிண்டலுக்குச் சொன்னார். எனக்கு அது உத்தியோகத்தின் பெயர். ஊரில் என் வயதுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். பள்ளிக்கூடத்தை அதன் பின்சுவரில் வறட்டி தட்டுவார்கள் என்ற அளவில் எனக்குத் தெரியும். பையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். மில் கேட்டில் அவர்களை யாருக்குத் தெரியும்?

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது மில்லுக்குப் புது மேனேஜர் வந்தார். வேலை நேரத்தில் யாருக்கும் கேட்டைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். பத்து மணிச் சங்கு ஊதும், நாங்கள் வெளியே நிற்போம், கதவு திறக்காது. வாச்மேன் எங்களைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். உள்ளே பெண்கள் பாலைச் சுவரோரம் பீய்ச்சிவிட்டு, நனைந்த ரவிக்கையோடு மறுபடி மிஷினில் நிற்பார்களாம். வெளியே நாங்கள் கஞ்சித் தண்ணீரைச் சங்கில் ஊற்றிப் புகட்டினோம். அது வெள்ளிச் சங்கு அல்ல, தகரச் சங்கு. தம்பிக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. நாலு நாளில் என் இடுப்பில் அவன் கனம் பாதியாகிவிட்டது. தூக்குவது லேசாகிவிட்டதே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஐந்தாம் நாள் அவன் அழுத அழுகை மிஷின் சத்தத்தைத் தாண்டி உள்ளே கேட்டதாம். அது எப்படிக் கேட்கும் என்று ஆத்தாவிடம் பிற்பாடு கேட்டேன். "ஒனக்குக் கேக்காது. எனக்குக் கேட்டுச்சு" என்றாள். வாச்மேனைத் தள்ளிக்கொண்டு அவளே கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டாள். வழக்கம்போல் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து, வழக்கம்போல் பால் கொடுத்துவிட்டு, வழக்கம்போல் உள்ளே போனாள். மறுநாள் கையில் ஒரு காகிதத்தோடு வீட்டுக்கு வந்தாள். மெமோ என்றார்கள். அந்தக் காகிதத்தை அவள் அரிசிப் பானைக்குள் வைத்து மூடினாள்.

"மெமோ கடிக்குமா ஆத்தா?" என்று கேட்டேன்.

"கடிக்காது. சோத்துல கைய வைக்கும்."

பதில் எழுதிக் கொடுக்க ஒரு வாரம் கெடு. பதில் பிடிக்காவிட்டால் வேலை போய்விடும். கல் உடைக்கிற ஒருத்தர் கூலியில் ஐந்து வயிறு நிறையாது என்பது எனக்கே தெரியும். அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. "நீ எதுக்கு வெளிய வந்த? கொஞ்ச நேரம் அழுதா செத்தா போவான்?" என்றார். ஆத்தா சின்னவனைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள். அவன் கனத்தைக் கையில் வாங்கிய பிறகு அப்பா வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சங்கத்துக்குப் போனோம்.

சங்கம் என்ற சொல்லை அதற்கு முன்பும் கேட்டிருக்கிறேன். மில்லில் சங்கு இருக்கிறது. அதை ஊதுகிறவர்கள் சங்கம். இதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அதனால் அங்கே போனால் அந்தச் சங்கைக் கிட்டத்தில் பார்க்கலாம், கேட்டால் ஒரு முறை ஊதவும் விடுவார்கள் என்று தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு போனேன். போனால் ஒரு டயர்க் கடைக்குப் பின்னால் ஓட்டுக் கட்டடம். நாலு பெஞ்சு, ஒரு மேசை, கொடி சுற்றிய ஒரு கம்பு, பசை காய்ந்த ஒரு டப்பா. சங்கைக் காணோம்.

தலைவரை நாங்கள் சங்கத்து மாமா என்போம். பஞ்சு அடிக்கிற பகுதியில் வேலை பார்க்கிறவர். மில்லில் பார்க்கும்போது புருவம், மீசை எல்லாம் வெள்ளையாக இருக்கும். எழுபது வயது என்று எண்ணியிருந்தேன். அன்று குளித்துவிட்டு வந்திருந்தார். முப்பதுகூட இருக்காது போலிருந்தது. மேசையில் ஒரு சட்டப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு பேசினார். செவ்வாய்க்கிழமை அதிகாரி ஒருத்தர் மில்லைப் பார்வையிட வருகிறாராம். இந்த மில்லில் கைக்குழந்தைக்காரி ஒருத்திகூடக் கிடையாது என்று மேனேஜர் எழுதிக் கொடுத்திருக்கிறாராம்.

"அப்ப இதெல்லாம் என்ன, கோழிக் குஞ்சா?" என்று ஒரு அக்கா மடியிலிருந்ததைத் தூக்கிக் காட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள்.

பேச்சு ஆரம்பித்தபோது, பழையபடி பத்து நிமிஷம் கேட்டைத் திறந்து விடச் சொல்வோம் என்றுதான் ஆரம்பித்தது. முடிகிறபோது, மில்லுக்குள்ளேயே தொட்டில் ரூம் வேண்டும் என்று ஆகியிருந்தது. நடுவில் ஆத்தா எழுந்து ஏதோ இரண்டு வார்த்தை பேசினாள். அந்தக் கட்டடத்தில் எழுந்து நின்று பேசிய முதல் பொம்பளை அவள்தான் என்பார்கள். என் ஆத்தா அல்லவா. ஆனால் அப்போது என் கவனம் அதில் இல்லை. நான் சங்கைத் தேடிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஆத்தா என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "ஏழு பேரும் புளியமரத்தடியில இருங்க. அதிகாரி கேட்டுக்கு வாரப்ப சங்கம் கூப்பிடும். சங்கம் கூப்பிட்டா மட்டும் வா. வேற எவன் வந்து கூப்பிட்டாலும் அசையாத. மேனேசரு ஆளுக எதயாச்சும் சொல்லி அங்கிட்டு இங்கிட்டுக் கலைச்சு விட்டுருவாங்க."

"சரி ஆத்தா."

"என்னான்னு சொல்லு பாப்போம்."

"சங்கம் கூப்பிட்டாத்தான் வரணும்."

சரியாகத்தான் சொன்னேன். சங்கம் எப்படிக் கூப்பிடும்? சங்கை ஊதித்தான் கூப்பிடும். வேறு வாய் அதற்கு ஏது?

புளியமரம் மில்லுக்குப் போகும் தார் ரோட்டில், ஒரு சின்னப் பாலத்தை ஒட்டி நின்றது. அங்கிருந்து ஒரு மண்பாதை பிரிந்து மில்லின் பின்கேட்டுக்குப் போகும். பஞ்சு லாரிகள் அதில்தான் வரும். ஏழு பேரையும் நிழலில் வரிசையாக உட்கார வைத்தேன். யாரும் எழுந்திருக்கக் கூடாது, சங்கு ஊதினால் ஓட வேண்டும் என்று உத்தரவு போட்டேன். மேனேஜர் போட்ட உத்தரவுக்கு என் உத்தரவு குறைந்ததில்லை.

வெயில் ஏறியது. நிழல் மரத்தடிக்குச் சுருங்கியது. சங்கு ஊதவில்லை. அன்றைக்குப் பத்து மணிச் சங்கை ஊத வேண்டாம் என்று மேனேஜர் நிறுத்திவிட்டார் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? சங்கு இல்லாவிட்டால் வெளியில் இருக்கிறவர்களுக்கு நேரம் தெரியாது என்று யோசித்திருக்கிறார். கெட்டிக்கார மனிதர்.

பிறகு ஒரு ஆள் சைக்கிளில் வேர்க்க விறுவிறுக்க வந்தார். சங்கத்து மாமாவின் மச்சினன், வெளியூர். அன்றைக்கு உதவிக்கென்று வந்தவர். நாங்கள் அவரை முன்னே பின்னே பார்த்ததில்லை.

"ஏ புள்ளைகளா, வாங்க வாங்க. சங்கம் கூப்பிடுது."

"பொய்யி" என்றேன்.

"என்னடி பொய்யி?"

"சங்கு ஊதலையே."

"அடியே, சங்கம்னா சங்கு இல்லடி."

"அப்ப சங்கம் எங்க இருக்கு? காட்டுங்க."

அவர் மண்டையைச் சொறிந்தார். "சங்கம்னா... எல்லாருந்தான் சங்கம். நான் சங்கம். ஒங்க ஆத்தா சங்கம்."

"நீங்க சங்கமா? அப்ப ஊதுங்க பாப்போம்."

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் கெஞ்சினார், மிரட்டினார். ஒரு பையன் எழுந்திருக்கப் பார்த்தான். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குறுக்கே நின்றேன். கடைசியில் அவர், "இவ மேனேசருக்கே மேனேசரா இருப்பா போலிருக்கே" என்று தலையில் அடித்துக்கொண்டு, சங்கத்து மாமாவையே கூட்டி வருவதற்குச் சைக்கிளைத் திருப்பினார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. மேனேஜர் ஆளை விரட்டிவிட்டேனே.

அந்நேரம் கேட்டில் சங்கத்து ஆட்கள் நின்றிருக்கிறார்கள். பிள்ளைகளையும் காணோம், அதிகாரியையும் காணோம். உள்ளே ரீலிங் ஜன்னலில் எட்டிப் பார்த்த ஆத்தாவுக்கு வெறும் கேட்டுத்தான் தெரிந்திருக்கிறது. மெமோவுக்குக் கெடு மறுநாள்.

குழந்தைகளுக்குப் பசி நேரம் தாண்டிவிட்டது. முதலில் என் தம்பி ஆரம்பித்தான். கைக்குழந்தைகள் அழுவது கொட்டாவி மாதிரி, ஒன்றைப் பார்த்து ஒன்று தொற்றிக்கொள்ளும். ஆறு குழந்தைகள் ஒரே குரலில் வீறிட்டன. ஒன்று மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில்தான் ஜீப் வந்தது எங்களுக்குக் கேட்கவில்லை. மேனேஜர் ஆளனுப்பி, முன்கேட்டுப் பக்கம் போகாமல் மண்பாதையாக அதிகாரியைக் கூட்டிவர ஏற்பாடு செய்திருந்தார். பாலத்தில் திரும்ப வேண்டிய ஜீப் நின்றது. கண்ணாடி போட்ட ஒருத்தர் இறங்கி வந்தார்.

"என்னம்மா இது, பிள்ளைங்க மாநாடா?"

"மாநாடு இல்லைங்க. பால் டூட்டி."

"அப்படின்னா?"

என்னிடம் என் வேலையைப் பற்றி யாரும் அதுவரை கேட்டதில்லை. விடுவேனா? ஒவ்வொரு குழந்தையாகக் கையைக் காட்டினேன். "இது என் தம்பிங்க, ரீலிங்கு. அதுவும் ரீலிங்கு. மொட்ட போட்டிருக்கே, அது வைண்டிங்கு. இந்தா தூங்குதுல்ல, கழிவுப் பஞ்சு பொறுக்குற அக்காவோடது. அது அழுவாதுங்க, சரியான தூங்குமூஞ்சி. பத்து மணிச் சங்குக்குக் கேட்டுல இருக்கணும். இப்ப கேட்டத் தொறக்க மாட்டேங்குறாங்க. ஆனா ஒரு நாளும் நான் லேட்டா வந்ததில்லைங்க. வாச்மேனக் கேட்டுப் பாருங்க."

அவர் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

"நீ பள்ளிக்கூடம் போகலையா?"

"எனக்கு எங்கங்க நேரம்? டூட்டிய யாரு பாக்குறது?"

"எவ்வளவு நாளா பாக்குற?"

"இந்தா நிக்கிறானே, பெரிய தம்பி, அவனுக்கு ஒரு வருசம் பாத்தேன். இவனுக்கு ஏழு மாசம். இங்க உள்ளதுல நாந்தான் சீனியருங்க."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மெச்சுகிறார் என்று எண்ணித் தம்பியை இன்னும் மேலே ஏற்றி விட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றேன்.

"எல்லாரும் என்கூட வாங்க" என்றார்.

ஜீப் முன்னால் ஊர்ந்து போக, அவர் எங்களோடு நடந்தார். பின்கேட்டில் மாலையோடு நின்ற மேனேஜர் எங்களைப் பார்த்ததும் மாலையைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டார். "சார், இதெல்லாம் ரோட்டுல திரியுற பிள்ளைங்க. யாரோ சொல்லிக் குடுத்துக் கூட்டியாந்திருக்காங்க" என்றார். அதிகாரி எங்களை நேரே உள்ளே அழைத்துப் போனார்.

அதுதான் நான் மில்லுக்குள் முதல் முறை போனது. சத்தம் காதுக்குள் வரவில்லை. நெஞ்சுக்குள் போய் இடித்தது. காற்றெல்லாம் பஞ்சு பறந்தது. நீள நீளமான மிஷின்களுக்கு முன்னால் பெண்கள் வரிசையாக நின்றார்கள். எல்லாருக்கும் தலையில் துணி, மூக்கில் துணி, இமையில் பஞ்சு. எல்லாரும் ஒரே வெள்ளை.

"உங்க அம்மா யாருன்னு காட்டும்மா" என்று அதிகாரி என் காதருகே குனிந்து சொன்னார்.

பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. ஒரு நிமிஷத்துக்கு முன் அத்தனை பேசிய எனக்குப் பெற்ற தாயை அடையாளம் தெரியவில்லை. ஒருத்தியைப் பார்த்தால் ஆத்தா மாதிரி இருந்தது. அடுத்தவளைப் பார்த்தால் அவளும் ஆத்தா மாதிரி இருந்தாள். மேனேஜர் ஒரு சொல் சொல்லுமுன்பே அவர்கள் கண்ணெல்லாம் அவர் பக்கம் இருந்தது. ஒருத்தியும் மிஷினை விட்டு அசையவில்லை. எனக்கு வாய் கோணிக்கொண்டு அழுகை வந்தது.

"பாத்தீங்களா சார்?" என்று மேனேஜர் சிரித்தார்.

அப்போது தம்பி என் இடுப்பிலிருந்து எம்பினான். ஏழு மாதக் குழந்தை. அழுகையை நிறுத்திவிட்டு, மூன்றாவது மிஷின் பக்கம் இரண்டு கையையும் நீட்டி, விழுந்துவிடுவதுபோல் தாவினான். அங்கே நின்றவளின் ரவிக்கை அவன் போய்ச் சேருவதற்கு முன்பே நனைந்துவிட்டது. அவள் இரண்டு கையிலும் நூலைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையையும் பார்த்து, மேனேஜரையும் பார்த்து நின்றாள்.

"வாங்கிக்குங்கம்மா" என்றார் அதிகாரி.

ஆத்தா நூலை விட்டாள். பிறகு மற்ற பிள்ளைகளுக்கும் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. மொட்டை போட்டது அடுத்த மிஷினுக்குத் தாவியது. தூங்குமூஞ்சிகூட விழித்துக்கொண்டு அம்மாவைக் கண்டுபிடித்தது. காகிதம் பொய் சொல்லும். பசித்த பிள்ளை சொல்லாது. மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

மறுநாள் அரிசிப் பானையிலிருந்த மெமோவை மில்லில் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். தொட்டில் ரூம் மட்டும் அவ்வளவு சுலபமாக வரவில்லை. அதிகாரி எழுதிவிட்டுப் போனார். மில்லில் பார்க்கலாம், பார்க்கலாம் என்றார்கள். கடைசியில் சங்கம் கேட்டில் உட்கார்ந்தது. எட்டு நாள் மில் ஓடவில்லை, சங்கு ஊதவில்லை. ஊரில் நேரம் தெரியாமல் விடியுமுன் உலை வைத்தவர்களும் உண்டு, வெயில் சாயும்வரை மாட்டைக் கட்டியே வைத்தவர்களும் உண்டு. ஆத்தாவோடு அந்த வெயிலில் உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் ஆம்பளைகள். கல்யாணமே ஆகாத பையன்கள் இருந்தார்கள். பேரன் பேத்தி எடுத்துவிட்டு ஓய்வுக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். அந்தத் தொட்டிலில் போட அவர்களிடம் ஒரு பிள்ளையும் இல்லை. அப்பாவும் கல் வேலைக்குப் போகாமல் ஒரு நாள் வந்து, யாரோடும் பேசாமல் அவர்களோடு உட்கார்ந்துவிட்டுப் போனார். ஒன்பதாம் நாள் சங்கு ஊதியது. அது தோற்ற சங்கல்ல, ஜெயித்த சங்கு என்று சத்தத்திலேயே தெரிந்தது என்பாள் ஆத்தா.

சுண்ணாம்பு அடித்த ஒரு அறை. ஏழு இரும்புத் தொட்டில். பார்த்துக்கொள்ள ஒரு ஆயா. பெரிய தம்பி உட்கார ஒரு பாய்கூட இருந்தது. காலைச் சங்குக்கு ஆத்தா இரண்டு பேரையும் தன்னோடு கூட்டிக்கொண்டு போனாள். நான் வெறும் இடுப்போடு வாசலில் நின்றேன்.

என் வேலை போய்விட்டது. ஊரில் எல்லாருக்கும் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்த சங்கம், வேலையை விட்டு நிறுத்திய ஒரே ஆள் நான்தான். சும்மா விடுவேனா? டயர்க் கடைக்குப் பின்னால் போய்ச் சங்கத்து மாமாவிடம் நியாயம் கேட்டேன்.

"என்னையும் சங்கத்துல சேத்துக்குங்க. என் டூட்டிய வாங்கித் தாங்க."

அவர் சிரிக்கவில்லை. "ஒன் டூட்டிய ஒழிக்கத்தான் புள்ள இம்புட்டுப் பாடும்" என்றார். நான் அழுதுகொண்டே வந்து, ஒரு வாரம் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். ஒன்பது வயதில் ஒன்றாம் வகுப்பு. என் இடுப்பு உயரம் இருக்கிற பொடிசுகளோடு உட்கார்ந்து அ, ஆ எழுதினேன். மில்லில் சீனியராக இருந்தவளுக்கு இந்தக் கதி. ஐந்தாம் வகுப்பு முடித்ததோடு தையல் கற்கப் போய்விட்டேன். ஆனால் அந்த ஐந்து வருஷத்தில்தான் டேப்பைப் பார்த்து அளவு படிக்கக் கற்றுக்கொண்டேன். கடைக்காரன் நீட்டுகிற காகிதத்தைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்று கற்றுக்கொண்டேன். நான் கட்டிய கொட்டகை அந்த ஐந்து வகுப்பின் மேல் நிற்கிறது. அந்த ஐந்து வகுப்பு ஏழு இரும்புத் தொட்டிலின் மேல் நிற்கிறது. என் கையை நானே பிடித்துத் தூக்கிக்கொண்டேன் என்று இத்தனை வருஷம் சொல்லி வந்தேனே, அந்தக் கை காலியாக இருந்ததால்தான் பிடிக்க முடிந்தது. அதைக் காலி செய்து கொடுத்தவர்கள் எட்டு நாள் வெயிலில் உட்கார்ந்தவர்கள். அவர்களில் பல பேருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. இந்த மலரில் எழுதக் கேட்டதால் அவர்களுக்கு இப்போதாவது ஒரு கும்பிடு போட்டுக்கொள்கிறேன்.

என் கம்பெனியில் சங்கம் வைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. எழுதக் கூடாதுதான், எழுதிவிட்டேன். நம் கொட்டகையில் தொட்டில் ரூம் இருக்கிறதே, அதை யாரும் கேட்காமல் நானாகக் கட்டினேன் என்று வருகிறவர்களிடம் சொல்வேன். அவர்கள் கேட்டு மூன்று மாதம் கழித்துத்தான் கட்டினேன். இந்த மலரைப் படிக்கிற பெண்களுக்கு அது தெரியும். மறைத்து என்ன ஆகப் போகிறது?

ஒன்றைச் சொல்லாமல் வந்துவிட்டேன். அன்றைக்கு டயர்க் கடைக்குப் பின்னால் ஆத்தா எழுந்து பேசிய இரண்டு வார்த்தை. கேட்டைத் திறந்து விட்டால் போதும் என்று எல்லாரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்று, பெஞ்சுக்கு அடியில், மேசைக்கு அடியில் எங்கே அந்தச் சங்கு என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆத்தா எழுந்தாள். என் பக்கம் கையை நீட்டினாள்.

"கேட்டத் தொறந்தாப் போதும்னா, அந்தா நிக்கிதே, அது நின்னுக்கிட்டேதான் இருக்கும். ஒரு புள்ள இன்னொரு புள்ளயச் சொமந்துக்கிட்டு நிக்கிது. எல்லாரும் மேல இருக்கிறதத்தான் பாக்குறீங்க. கீழ இருக்கிறத யாராச்சும் பாத்தீங்களா?"

கூட்டம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. சங்கத்து மாமா விரித்து வைத்திருந்த புத்தகத்தை மூடினார்.

கீழே என்றதும், சங்கு அங்கேதான் கிடக்கிறதாக்கும் என்று நானும் குனிந்து பார்த்தேன். என் இரண்டு காலும்தான் இருந்தன.